எட்டு மணி மிஸ்ட் கோல்

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு தம்பி இருக்கிறார். 2009 மே மாதத்தோடு போர் முடிந்து, தடுப்பில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வீட்டுக்கு வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளில் ஒருவர். காதுக்குள் யாரோ கதைக்கிற வருத்தம் அவருக்கு. ஊர்ச் சனம் அதற்கு வைத்திருக்கிற ஒரே சொல் 'விசர்'. மூன்று எழுத்தில் ஒரு மனிசனின் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

போன வருஷம் வார்ட்டில் வைத்து மருந்து கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள். பிறகு மாதம் ஒருக்கா கிளினிக். பஸ் பிடித்துப் போய், துண்டு எடுத்து, காத்திருந்து, டொக்டரோடு ஐந்து நிமிஷம். டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியில் நிற்கிற வரிசை அப்படி. ஆனால் மனநோய் வார்ட்டிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிகவும் கூட. அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் ஆளைத் தனிய விடுகிறோம்.

தம்பியைத் தனிய விடாதவர் ஒரு அண்ணை. அவரும் முன்னாள் போராளி, அவரும் குளிசை போடுகிறவர். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்குத் தம்பிக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிப்பார். தம்பி திருப்பி ஒன்று அடிக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் திருப்பி வரவில்லை. அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சுத்தி வளைக்காமல் கேட்டாராம்: "தம்பி, சாகவேணும் போல கிடக்கோ?"

"ஓம் அண்ணை."

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோம் என்று நானும் பயந்தவன்தான். அது பிழை. நேராகக் கேட்டால் உள்ளே கிடப்பதுதான் வெளியே வரும். விடியும்வரை வாங்கில் இருந்து தேத்தண்ணியும் கதையும். எந்தக் காவலரணில் எவன் குறட்டை விட்டான் என்கிற கதைகூட வந்ததாம். அதைத் தம்பி என்னிடம் கதைக்க மாட்டார், எனக்கு விளங்காது. காலையில் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் இதையே ஒரு உத்தியோகமாக்கி வைத்திருக்கிறார்கள். மனநோயிலிருந்து மீண்ட பழைய படையினரைப் பயிற்றி, சம்பளம் கொடுத்து, அதே நிலையில் இருக்கிற மற்றவர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். 2012இல் அப்படி 800 பேரை எடுக்கச் சொல்லி ஒபாமா உத்தரவே போட்டார். சரி, அவர்கள் ஓர் அரசின் படை, அவர்களுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. இங்கே பழைய ஆட்கள் நாலு பேர் கூடி இருந்தாலே யாரும் விசாரிக்க வருவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

'விதி, யார் தடுக்க ஏலும்' என்கிறவர்களுக்கு ஒன்று. 1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யச் செய்ய, அது பாதிக்கும் கீழே இறங்கியது. விதியென்றால் இறங்கியிருக்குமா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மனநலக் கிளினிக் ஒவ்வொன்றிலும் அண்ணை போல இரண்டு பேரைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும். 'சேவை' என்று மாலை போட்டுச் சும்மா வேலை வாங்கக் கூடாது. குளிசைக்குப் பதில் அண்ணை என்றும் நினைக்க வேண்டாம். தம்பி குளிசையை விடாமல் போடுவதே அவரால்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லாத இரவுக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல உதவி இலக்கம்.

போன கிழமை அண்ணையிடம் கேட்டேன், "உங்களுக்கு ஆர் மிஸ்ட் கோல் அடிக்கிறது?"

சிரித்துவிட்டு சைக்கிளில் ஏறினார். அன்றிரவு எட்டேகாலுக்கு நான் ஒன்று அடித்தேன்.