அரசங்கன்று யாருடைய பாகம்?

கிருஷ்ணகிரி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மூன்று மாடி லாட்ஜில் என் அப்பா 22 ஆண்டுகள் கணக்கு எழுதினார். மாங்காய் சீசனில் வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்கினால் ஓர் அறைகூடக் காலியாக இருக்காது. வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பார்கள். முதலாளி காலமானதும் வாரிசுகள் பாகம் பிரித்தார்கள். இரண்டு அறைக்கு நடுச்சுவரை இடித்து ஒரு வீடு என்று கணக்குப் போட்டு, மொத்தம் 14 வீடுகளாக விற்றுவிட்டார்கள்.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. பூட்டிக் கிடப்பதைவிட அங்கே அடுப்பு எரிவது கட்டடத்துக்கு நல்லதுதான். ஆனால் சென்ற வாரம் அங்கே குடியிருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று இடுப்புயரம் வளர்ந்து நின்றது. வேர் விரிசலுக்குள் இறங்கிவிட்டது. யாரைக் கேட்டாலும், "அது எங்கள் போர்ஷன் இல்லை" என்கிறார்கள்.

எனக்கு மும்பையின் வாட்சன் ஓட்டல் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் கப்பலில் கொண்டுவந்து, 1860களின் இறுதியில் பூட்டி நிறுத்திய கட்டடம். 1896 ஜூலை 7 அன்று சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்டது அங்கேதான். பிறகு ஓட்டல் போய், தடுப்புத் தடுப்பாக அடைத்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். பெயரும் எஸ்பிளனேட் மேன்ஷன் என்று மாறியது. உயராத வாடகையை வைத்து யார் பழுது பார்ப்பது? 2005இல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் போனது.

வாட்சன் ஓட்டலை வடிவமைத்த ரோலண்ட் மேசன் ஆர்டிஷ், லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தின் மாபெரும் இரும்புக் கூரையிலும் பங்காற்றியவர். அந்த நிலையத்தின் முகப்பாக எழுந்த மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் 1873இல் திறந்தது. அறையோடு சேர்ந்த குளியலறை இல்லாததால் காலம் மாறியபோது ஈடுகொடுக்க முடியாமல் 1935இல் மூடியது, ரயில்வே அலுவலகமானது. 1960களில் இடிக்கவே பார்த்தார்கள். மக்கள் எதிர்த்து நின்றதால் 1967இல் உயர்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2011இல் மீண்டும் ஓட்டலாகத் திறந்தபோது, மேல்தளங்களில் 67 குடியிருப்புகள் இருந்தன. புகழ்பெற்ற அந்தப் பெரிய படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

இரண்டு கட்டடங்களிலும் குடும்பங்கள் குடியேறின. லண்டனில் படிக்கட்டுக்கும் கூரைக்கும் பொறுப்பாளர் இருந்தார், மும்பையில் இல்லை. பணக்கார லண்டனோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். கன்றைப் பிடுங்க எவ்வளவு பணம் வேண்டும்? நம் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமையாளர்கள் சங்கம் அமைக்க அது வழி செய்கிறது. படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் 14 பேருக்கும் பொது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தப் பழைய லாட்ஜையும் வீடாக விற்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கன்றை வேரோடு எடுத்து விரிசலைப் பூச ஒரு கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கூலிக்குப் பங்கு கேட்டு வருகிறார். இதுவரை 9 வீடுகள் கொடுத்திருக்கின்றன.