ஆட்டோபானுக்கு அப்பா ஹிட்லர் இல்லை, அண்ணே

ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபான் ஹிட்லரின் யோசனை என்று புகழ்ந்து, 'ஒரு ஹிட்லர் வந்தால்தான் நம்ம ஊர் ரோடு உருப்படும்' என்ற பதிவில் நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே எழுதியது ஒரே வரி: ஆட்டோபான் என்ற சொல்லே ஹிட்லர் ஆட்சிக்கு முந்தையது. அதற்குத்தான் அத்தனை வசவு.

திரும்பவும் சொல்கிறேன். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933. ஹாம்பர்க்கிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக சுவிட்சர்லாந்தின் பாசல் வரை கார்களுக்கென்றே தனி ரோடு வேண்டும் என்று ஹாஃப்ராபா என்ற சங்கம் தொடங்கியது 1926. அதன் தலைவர் ராபர்ட் ஓட்சன்தான் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். ரயில்பாதைக்கு ஜெர்மனில் ஐசன்பான், இரும்புப் பாதை. அதே அச்சில் ஆட்டோபான், கார் ஓடும் பாதை. அவ்வளவுதான். வேகம், வீரம், தலைவர் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இங்கே ஜெர்மனியில் லைசென்ஸ் எடுக்க ஆட்டோபானிலும் ஓட்டிப் பழக வேண்டும். என்னை பான் (Bonn), கொலோன் நகரங்களுக்கு இடையிலான ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, 'கண்ணாடியைப் பார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்' என்ற கத்தலுக்கு நடுவே லாரிக்குப் பின்னால் நுழைகிறேன். பக்கத்தில் இருந்த, ஓட்டக் கற்றுத்தரும் பெரியவர் சாவகாசமாக, 'இது அடேனாவர் திறந்த ரோடு' என்றார். உண்மைதான். 1932 ஆகஸ்ட் 6, பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆன அடேனாவர் அப்போது கொலோன் மேயர். நாஜிகள் வந்ததும் அதைச் சாதாரணச் சாலையாகத் தரம் இறக்கினார்கள். முதல் ஆட்டோபான் தங்களுடையதாக இருக்க வேண்டுமே!

'யார் யோசித்தால் என்ன, போட்டது அவர்தானே?' சரி, ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் போட்டார்கள், யார் மறுத்தது? ஆனால் ஹாஃப்ராபா திட்டத்தை முதலில் எதிர்த்ததும் அதே நாஜிக் கட்சிதான். வேலை கொடுத்தாரே என்பீர்கள். வேலையில்லாதவர்கள் 60 லட்சம் இருந்த நாட்டில், ஆட்டோபான் வேலையில் உச்சத்தில் இருந்ததே சுமார் ஒன்றேகால் லட்சம் பேர். போர்க்காலத்தில் யூதர்களையும் கைதிகளையும் அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அதையும் சேர்த்து ஒரு ஹார்ட்டின் போடுங்கள்.

'ஒரு சொல்லுக்கா இந்தக் குதி?' ஆமாம். பெயரைத் திருடினால் பெருமையும் கூடவே போகிறது. நம்ம ஊரில் ஒருத்தர் தொடங்கிய பாலத்தில் இன்னொருத்தர் கல்வெட்டு வைத்தால் மட்டும் ஏன் அப்படிப் பொங்குகிறீர்கள்?

அப்புறம் அந்தக் கடைசி கமெண்ட். 'நாட்டை விட்டு ஓடிப்போனவன் எங்களுக்கு வகுப்பெடுக்காதே.' இதை எழுதியவர்தான், மகனுக்கு இங்கே எந்த யுனிவர்சிட்டியில் சீட் கிடைக்கும் என்று கேட்டு ராத்திரியில் எனக்கு போன் போட்டவர். அன்றைக்கு நான் 'தம்பி'.