அமாரான் கடிதத்தையும் எஸ்.டி.ஆர். பணத்தையும் முடிச்சுப் போடாதீர்கள்

மலேசிய அரசு குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை கணக்கில் ஏறும் ஒவ்வொரு முறையும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரே குரல்தான். "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவனுக்கு எதுக்குக் காசு? வெட்டி விடுங்க, தன்னால அனுப்புவான்." சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பலர் தோட்டத்திலிருந்து வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆனால் எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்கு என்ன நிபந்தனை, மட்டம் போடும் பிள்ளைக்குப் பள்ளி அனுப்பும் அமாரான் (எச்சரிக்கை) கடிதம் எப்படி வருகிறது என்று தெரியாமல் பேசுகிறோம்.

எஸ்.டி.ஆரைக் கையாள்வது உள்நாட்டு வருமான வரி வாரியம். அது பார்ப்பது குடும்ப வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும். மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் (ரிங்கிட்), பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டுக்கு 2,500 வெள்ளி, அதுவே உச்சம். பள்ளி வருகை பற்றிய பேச்சே அதில் கிடையாது. பள்ளித் தொடக்க உதவியான 150 வெள்ளிக்கு 2023 முதல் வருமானமும் பார்ப்பதில்லை. பிள்ளையின் பெயர் பள்ளியில் இருந்தால் போதும். மாதாமாதம் வருவது சமூக நல இலாகாவின் பந்துவான் கானாக்-கானாக், அதாவது பிள்ளைகளுக்கான உதவித்தொகை. 2021இல் அது 7 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 150, ஆறு வயதும் அதற்குக் கீழும் 200, ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உச்சம் என்று ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் தலைக்கு 50 வெள்ளி கூடியது. படிக்கிற பிள்ளை என்றால் விண்ணப்பத்தோடு பள்ளியின் உறுதிக் கடிதத்தையும் வைக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வருகைக்கு இத்தனை சதவீதம் என்று இந்த உதவிகளில் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விட்டால் உறுதிக் கடிதம் கிடைக்காது, 150 வெள்ளி கிடைக்காது, ஆரம்பப் பள்ளியில் காலையில் கிடைக்கும் ஆர்.எம்.டி. இலவசச் சாப்பாடும் போய்விடும். வெட்டு ஏற்கெனவே இருக்கிறது. மெதுவாக, சத்தமில்லாமல் நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

இடைநிலைப் பள்ளிகளில் புழங்கும் கணக்கு இது. காரணம் சொல்லாமல் தொடர்ந்து 3 நாள் வரவில்லை என்றால் முதல் அமாரான் கடிதம். 10 நாளில் இரண்டாவது, 20 நாளில் மூன்றாவது, 31ஆம் நாள் பெயர் நீக்கம். விட்டு விட்டு வராமல் போனால் 10, 20, 40, 60. பெற்றோர் பலருக்கு முதல் வரிசை ஓரளவு தெரியும். இரண்டாவது வரிசை தெரியவே தெரியாது, பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அதில்தான். திங்கட்கிழமை மட்டும் மட்டம் போடும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நாள்தானே" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பத்தாவது திங்கள் முதல் கடிதம், இருபதாவது திங்கள் இரண்டாவது. பள்ளி ஆண்டு ஏறக்குறைய 190 நாள், அதாவது 38 வாரம். ஆண்டு முடியும்போது மூன்றாவது கடிதத்துக்கு இரண்டே நாள் பாக்கி. அதற்குள் ஒரு காய்ச்சல், ஒரு துக்க வீடு, எம்.சி. (மருத்துவச் சான்று) கொடுக்க மறந்த ஒரு வாரம் வந்தால் கோட்டைத் தாண்டியாயிற்று.

கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேரும் கதையையும் பாருங்கள். அது பதிவுத் தபாலில் வரும். அப்பா லாரியில், அம்மா துப்புரவு வேலையில்; வீட்டில் ஆள் இல்லை. தபால்காரர் சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் பாதிக்குப் பூட்டு கிடையாது, மீதியில் பீட்சா விளம்பரமும் தண்ணீர் பில்லும் பிதுங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சீட்டு அங்கேயே கிடக்கும். அதைவிட மோசம் பழைய முகவரி. செந்தூலில் வாடகை வீட்டில் இருந்தபோது முதலாம் படிவத்துக்கு (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) பதிந்த முகவரி, பி.பி.ஆர். எனும் அரசு மலிவு அடுக்குமாடி வீடு கிடைத்துப் போன பிறகும் அப்படியே இருக்கும். கைப்பேசி எண் ப்ரீபெய்ட். டாப்-அப் செய்யாமல் செத்துப்போன எண்ணுக்கு வகுப்பாசிரியர் அழைத்துக்கொண்டே இருப்பார். பள்ளி தன் கடமையைச் செய்துவிட்டதாகக் கோப்பில் இருக்கும். பெற்றோருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கும் சோம்பல் என்ற ஒற்றைப் பதில் உதவாது. கோலாலம்பூரில் பள்ளி வேன்தான் பாதிக் கதை. கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பதே 15 தமிழ்ப்பள்ளி. பி.பி.ஆர். அடுக்குமாடி ஒரு மூலையில், தமிழ்ப்பள்ளி இன்னொரு மூலையில். வேன் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் வேன்காரர் ஏற்ற மாட்டார். அவருக்கும் டீசல், தவணை இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு வேறு காரணங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை நிறுத்துவது, 'பார்ட் டைம்' காசு ருசித்த பையன், வகுப்பில் மலாய் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து அலுத்துப்போனவன், அடிக்கிறார்கள் என்று வெளியே சொல்லாதவன். இவர்களில் எவனை உதவித்தொகை வெட்டு பள்ளிக்குக் கொண்டுவரும்?

கணக்காகவே பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் மூவர், சமூக நல இலாகாவிலிருந்து மாதம் 600 வெள்ளி. பதினைந்து வயது மூத்தவன் போகவில்லை என்று அவன் பங்கான 200ஐ வெட்டுகிறீர்கள். அந்த 200தான் கீழே இருக்கும் இரண்டு பேரின் வேன் காசு. இப்போது போகாதவர்கள் மூன்று பேர். மட்டம் போட்டவன் வேலைக்குப் போய்க் கையில் காசு வைத்திருக்கிறான். தண்டனை ஆண்டு 2இல் படிக்கும் தங்கச்சிக்கு.

இது வெறும் ஊகமும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1988இல் 'லேர்ன்ஃபேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். உதவித்தொகை வாங்கும் குடும்பத்துப் பதின்ம வயதுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் குடும்பத்தின் தொகையில் வெட்டு. பின்னர் செய்த மதிப்பீடுகளில் வருகை கூடியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. நமக்கு அருகிலேயே இந்தோனேசியாவின் பி.கே.எச்., பிலிப்பீன்ஸின் 4பி திட்டங்கள் 85 சதவீத வருகை கேட்கின்றன. மாதம் 20 பள்ளி நாள் என்றால் 3 நாள் பொறுக்கும், நான்காவது நாள் தாண்டிவிடும். பிரேசிலின் போல்சா ஃபமிலியாவும் வருகை கேட்கிறது, 6 முதல் 18 வயது வரை 75 சதவீதம். ஆனால் அங்கே தவறியவுடன் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. முதலில் எச்சரிக்கை, பிறகு பணத்தை நிறுத்திவைப்பு, பிறகுதான் மற்றவை. இடையில் சமூகப் பணியாளர் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது மொரோக்கோவின் 'தாய்சீர்' உதவித்தொகைச் சோதனை. நிபந்தனையோடு ஒரு தரப்புக்கு, "இது பிள்ளையின் படிப்புக்கான பணம்" என்று பெயர் மட்டும் சொல்லி, நிபந்தனை இல்லாமல் இன்னொரு தரப்புக்குப் பணம் கொடுத்தார்கள். பெயர் மட்டும் சொன்ன தரப்பும் நிபந்தனைத் தரப்புக்குக் குறையாமல் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருந்தது, செலவும் குறைவு.

நம் நாட்டில் வெட்டுவதற்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வருமான விவரம் வரி வாரியத்திடம், வருகை விவரம் கல்வி அமைச்சிடம், மாத உதவி மகளிர் அமைச்சின் கீழுள்ள சமூக நல இலாகாவிடம். வகுப்பாசிரியர் காலையில் வருகை பதியும் ஐடிமீ இணையத்தளத்தில் தட்டும் ஒரு தட்டு தவறினால் வந்த பிள்ளை வராத பிள்ளை ஆகிவிடும். இப்போது அது திருத்தக்கூடிய பிழை. பணத்தோடு கட்டினால், அந்தப் பிழை அரிசி மூட்டையில் கை வைக்கும்.

தண்டனையே வேண்டும் என்பவர்களுக்கு, சட்டம் இருக்கிறது. ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025இல் நாடாளுமன்றம் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதற்கு மேல் இன்னொரு சாட்டை தேவையில்லை. வேண்டியது மூன்றாம் நாள் கடிதத்தின் இன்னொரு பிரதி. அது பெற்றோருக்குப் போகும் அதே நாளில் பள்ளியின் ஆலோசக ஆசிரியருக்கும், உதவி வாங்கும் குடும்பமாக இருந்தால் சமூக நல அதிகாரிக்கும் போகட்டும். வேன் பாக்கி என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்த வாரமே பேசித் தீர்க்கலாம். 31ஆம் நாள் அமைக்கும் குழுவால் அது ஆகாது.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பதைச் சொல்கிறேன். எம்.சி.யைக் கைப்பேசியில் படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புவது நல்லது, ஆனால் அசலையும் பிள்ளை திரும்பிப் போகும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்; புலனச் செய்தி கோப்பில் ஏறாது. துக்கம், கருமாதி, கோயில் நேர்த்திக்கடன் என்றால் முன்கூட்டியே நான்கு வரிக் கடிதம்: பெயர், வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காரணம், கையெழுத்து. மலாயில் இருந்தால் அலுவலகத்தில் வேலை சுலபம். சொல்லிவிட்டுப் போன நாளும் சொல்லாமல் போன நாளும் ஒரே கணக்கு இல்லை. வீடு மாறினால் அன்றைய வாரமே முகவரி, எண் இரண்டையும் அலுவலகத்தில் மாற்றுங்கள், குத்தகைத் தாளோ தண்ணீர் பில்லோ கையோடு இருக்கட்டும். பள்ளி மாறுவதானால் புதிய பள்ளி ஏற்கும்வரை பெயர் பழைய பள்ளியில்தான் இருக்கும், நாட்களும் ஓடிக்கொண்டிருக்கும். "அங்க போய்ச் சேர்த்துக்கலாம்" என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

கடிதம் வந்துவிட்டதா? மூன்று நாளுக்குள் நேரில் போங்கள். விடுப்புக்குச் சம்பளம் போகும், உண்மைதான். ஆனால் முதல் கடிதத்துக்குப் போகும் அரை நாள், மூன்றாவது கடிதத்துக்குப் பின் பி.பி.டி.யில் (மாவட்டக் கல்வி அலுவலகம்) நிற்கும் மூன்று நாளைவிட மலிவு. மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரைக் கேளுங்கள், கட்டொழுங்கு ஆசிரியரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். உதவி நிதிப் பட்டியலும் ஆர்.எம்.டி. பட்டியலும் நலப் பிரிவில்தான் இருக்கும். இதுவரை எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று தேதி தேதியாகக் காட்டச் சொல்லுங்கள், எம்.சி. கொடுத்த நாள் தவறாக ஏறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். சமூக நல உதவிக்கு வழியில்லாமல் இருக்கும் குடும்பம் தெரிந்தால் அரசின் உதவி எண்ணான 15999க்கு அழைத்துச் சொல்லலாம், விண்ணப்பதாரரே அழைக்க வேண்டும் என்றில்லை. உதவி ஏற்கெனவே வாங்குபவர்கள் மறு ஆய்வு வருமுன் பள்ளி உறுதிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிய பிறகு கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.