21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

"எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது. அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றார். கவனித்துச் சொன்னதுதான், அளந்ததல்ல. 'குறைந்தது' என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி குழு. 96 பேர், 84 நாள். ஆளுக்கொரு செயல், தினமும் ஒரே வேளையோடு சேர்த்து: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்பதுபோல. யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர எடுத்த நாட்களின் இடைநிலை 66; அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். வீச்சு 18 முதல் 254 வரை. (அந்த 254-ஐ யாரும் நேரில் எண்ணவில்லை; 84 நாள் பதிவில் பழக்கம் வளர்ந்த வளைகோட்டைக் கணக்கில் நீட்டிப் பெற்றது.) உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

22-ஆம் நாளும் சிரமமாக இருந்தால் உங்களிடம் கோளாறில்லை. அந்த ஆய்வில் செய்ததுபோல, அன்றாட வேலை ஒன்றோடு சேர்த்துவிடுங்கள்: "தினமும் நடப்பேன்" என்பதைவிட "காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்டுவேன்" என்று வையுங்கள்.