இரைச்சல் இல்லை, துணை
மெட்டல் இசை, அதாவது கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் முரட்டு ராக் இசை, மனச்சோர்வை வளர்க்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வில், இத்தகைய முரட்டு இசை ரசிகர்களான 39 பேருக்கு ஆய்வாளர்கள் முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர் தங்களுக்குப் பிடித்த பாட்டை 10 நிமிடம் கேட்டார்கள். அவர்களுடைய கோபம் ஏறவில்லை, எரிச்சல் தணிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் என் அனுபவமும் அதுவே. வேலை போய் அறைக்குள்ளேயே கிடந்த மாதங்களில், மெட்டல் கேட்கும் நண்பர்கள் நாலு பேர் தினமும் இரவில் “இன்று சாப்பிட்டாயா, என்ன கேட்டாய்?” என்று விசாரிப்பார்கள். மருத்துவரிடம் போகச் சொன்னதும் அவர்கள்தான். “அந்த இரைச்சலை நிறுத்தினாலே பாதி சரியாகும்” என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பரே, நான் நிறுத்தியிருந்தால் அந்த நாலு பேரும் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.