கர்துங் லா வீடியோவும் ‘மனவலிமை’ வகுப்பும்

லடாக்கில் லே நகரத்துக்கு மேலே இருக்கிற கர்துங் லா கணவாய்க்கு ஒரு தம்பி சைக்கிளில் ஏறுகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு நாலு தடவை பார்த்துவிட்டேன். அந்தத் தம்பி ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான், காலை ஊன்றி நிற்கவே தடுமாறுகிறான், சுற்றி இருக்கிற நாலு பேர் "நீ சிங்கம்டா, இன்னும் நாலே வளைவுடா" என்று கத்துகிறார்கள். கீழே தலைப்பு, ‘மனவலிமை இருந்தால் மலையும் மண்டியிடும்’. மண்டியிட்டது மலை இல்லை, அந்தப் பையன். அதுகூடவா கண்ணுக்குத் தெரியவில்லை?

நான் அங்கே ஒரே ஒரு கமெண்ட்தான் போட்டேன். "இது உயர நோய், தள்ளாடுகிறான், உடனே கீழே இறக்குங்கள்" என்று. அதற்கு வந்த பதிலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். "அக்கா, பாதியில் திரும்பி வந்தவங்க எல்லாம் அட்வைஸ் பண்ணாதீங்க." அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு. சரி, பாதியில் திரும்பி வந்தவள் என்ற தகுதியிலேயே பேசுகிறேன்.

உயர நோய்க்கும் மனவலிமைக்கும் சம்பந்தம் இல்லை. உடல்வலிமைக்கும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஊர் சைக்கிள்காரர்கள் காதில் ஏறுவதில்லை. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் காலை இறக்காமல் ஏறியவர், கொல்லிமலையின் 70 வளைவுகளை முடித்துவிட்டு இறங்கி வந்து பரோட்டா சாப்பிட்டவர், எல்லாரும் என் மதிப்புக்குரியவர்கள்தான். ஆனால் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே நகரத்தில் விமானம் தரை இறங்குகிற இடமே அதைவிட ஏறக்குறைய 600 மீட்டர் மேலே இருக்கிறது. நீலகிரியில் பழகியது காலும் நுரையீரலும். ரத்தம் பழகவில்லை. அது பழக நாள் ஆகும், அந்த நாளை யாரும் சுருக்க முடியாது.

காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதில்லை, எங்கே போனாலும் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைகிறது. கர்துங் லா உயரத்தில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியும் கொஞ்சமும்தான் கிடைக்கும். இதில் சிங்கமாக இருந்தால் என்ன, சிறுத்தையாக இருந்தால் என்ன? இன்னும் சொல்லப்போனால், நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். கால் ஒத்துழைக்கிறது, அதனால் எல்லாமே சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரிக்கு மனவலிமை இல்லை என்று சொல்வீர்களா? 1977-ல் கங்கையில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகுகளில் வந்து, கடைசியில் பத்ரிநாத்துக்கு மேலே மலை ஏறும்போது அவருக்கே உயர நோய் வந்து, ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்தார்கள். அவர் அந்த உயரத்தைப் போல எத்தனையோ பார்த்தவர். அவருக்கும் யாராவது "இன்னும் நாலே வளைவுடா" என்று கத்தியிருக்க வேண்டும், பாவம்.

இப்போது என் கதை. கேட்காமலேயே எல்லாரும் சொல்லித் திரிவதால் நானே சொல்லிவிடுகிறேன். லேயிலிருந்து கர்துங் லாவுக்கு சுமார் 40 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 1,850 மீட்டர். சவுத் புல்லு சோதனைச் சாவடி வரை சாலை ஓரளவு நன்றாக இருந்தது, எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே டீக்கடையில் தொங்கிய பிஸ்கட் பாக்கெட் எல்லாம் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தன. உள்ளே இருப்பது கீழே அடைத்த காற்று, வெளியே அழுத்தம் இல்லை, அதனால் உப்புகிறது. அதைப் பார்த்துச் சிரித்துப் படம்கூட எடுத்தோம். அதற்கு மேல் ஜல்லியும் பனி உருகி ஓடிய சேறுமாக ஒரு பகுதி வந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகத் தெரியவில்லை. கையில் பலம் இல்லாமல் இல்லை, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது புரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்மண்டையில் வலி காலையிலிருந்தே இருந்தது, அதை வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு, சாலை ஓர வெள்ளைக் கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டிவைத்து நடந்து பார்த்தேன். மூன்றாவது அடியிலேயே சாய்ந்தேன். திருப்பிவிட்டேன்.

அவ்வளவுதான். லேயை நெருங்கும்போது தலைவலி பாதி போய்விட்டது, சாயங்காலம் துக்பா சூப் முழுக் கிண்ணம் குடித்தேன். கீழே இறங்குவதைப் போல ஒரு மருந்து இதற்குக் கிடையாது.

ஆனால் ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் குழு, பெயர் வேண்டாம், ‘கர்துங் லா வென்றவர்கள்’ என்று ஃபிளெக்ஸ் அடித்தது. அதில் நான் இல்லை, அது நியாயம், நான் மேலே போகவில்லை. ஆனால் லேயில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தில் ஓரத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். என் கை மட்டும் இன்னொருத்தர் தோளில் இருக்கிறது. யாருடைய கை என்று கேட்டால் என்ன சொல்வார்களோ.

"நீங்க டாக்டரா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. உங்களுக்கு வாந்தி என்றால் வாந்தி என்று தெரிய டாக்டர் வேண்டுமா? லேக்கு வருகிறவர்கள் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்கே நிர்வாகமே சொல்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. நான் கண்டுபிடித்தது இல்லை.

"ராணுவ வீரர்கள் இருக்காங்களே?" இது இன்னொருவர், கொடிப் படத்தோடு. ஐயா, அந்த ராணுவத்தையே கேளுங்கள். 9,000 அடிக்கு மேல் முதல் கட்டமாக ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நாலு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நாலு நாள் என்று அவர்கள் தங்கள் ஆட்களைப் பழக்கித்தான் ஏற்றுகிறார்கள். துப்பாக்கி பிடித்தவருக்கே பதினாலு நாள், உங்களுக்கு மட்டும் ஐந்து நாள் பேக்கேஜா?

"லடாக் குழந்தைகள் ஓடி விளையாடுதே?" ஆமாம், அங்கேயே பிறந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்துக்குப் பழகிய உடம்பு. நாம் கோயம்புத்தூர். 411 மீட்டர்.

"டயமாக்ஸ் போட்டா போதும்" என்பவர்களுக்கு: அது உடம்பு பழகுவதற்கு உதவுகிற மாத்திரை, ஏறுவதற்கான லைசென்ஸ் இல்லை, சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமான கேள்வி, அதனால் நியாயமாகப் பதில் சொல்கிறேன்.

பொறாமை என்று சொன்னவருக்குப் பதில் இல்லை.

இன்னொரு விஷயம், அந்தப் பலகை. எல்லாரும் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற கர்துங் லா பலகை. 18,380 அடி, உலகத்தின் உயரமான வாகனச் சாலை என்று பல வருஷம் எழுதி வைத்திருந்தார்கள். ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்கள் சொல்வது சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குள். லடாக்கிலேயே இருக்கிற உம்லிங் லா கணவாய்ச் சாலை 19,000 அடியைத் தாண்டிப் போட்டு 2021-ல் கின்னஸ் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. பல பேர் உயிரைப் பணயம் வைத்து ஏறியது ஒரு தப்பான எண்ணுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கத்தான். இதைச் சொன்னால் தேசத்துரோகி ஆகிவிடுவேன், தெரியும். அந்தக் கணவாயின் அழகு குறைந்துவிடவில்லை, வடக்கே காரகோரம் தெரிகிற நாளில் யாரும் பலகையைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தம்பிக்கு இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வீடியோவின் கடைசியில் அவன் "கீழ போலாம்ணா" என்று சொல்வது கேட்கிறது. பாட்டுச் சத்தத்துக்கு அடியில், காதை வைத்துக் கேட்டால் கேட்கும். அந்த அண்ணன்கள் கேட்கவில்லை. மூளையில் நீர் கோத்தால் ஆள் தள்ளாடுவான், பேச்சு குழறும். நுரையீரலில் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இரண்டுமே ஒரு ராத்திரியில் ஆளைக் கொன்றுவிடும். அவன் நல்லபடியாக இறங்கிவிட்டான் என்று நேற்று தெரிந்தது, நிம்மதி. அதையும் "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை" என்று எனக்கே டேக் செய்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் வீடு வந்து சேர்ந்தவனும் அதைத்தான் சொல்கிறான்.

திரும்பவும் போவீங்களா என்று இன்பாக்ஸில் நாலைந்து பேர் அக்கறையாகக் கேட்டிருந்தீர்கள். போவேன். இந்த முறை விமானத்தில் இல்லை, மனாலியிலிருந்து சைக்கிளில். கேலாங்கிலும் ஜிஸ்பாவிலும் உடம்பு போதும் என்று சொல்லும்வரை தங்கி, பாரலாச்சா லா, காட்டா லூப்ஸ், தங்லாங் லா என்று மெதுவாக. வழியில் தலை வலித்தால் அங்கேயே இன்னொரு நாள், அதற்கும் சரிவரவில்லை என்றால் எந்த இடமாக இருந்தாலும் திருப்பிவிடுவேன். குழுவாகப் போகமாட்டேன், என் கணவரும் அவருடைய பழைய ஹெர்குலஸும்தான். ஃபிளெக்ஸ் அடிக்க ஆள் தேவையில்லை.