ஜப்பானில் 1945-க்கு முன் தேர்தலே கிடையாதா?

"அணுகுண்டு விழும்வரை ஜப்பானில் மன்னராட்சிதான், ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவந்ததே அமெரிக்கா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஜப்பானின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 1890 ஜூலை 1-ல். கீழவைக்கு 300 இடங்கள். ஆனால் 25 வயது நிரம்பி, ஆண்டுக்கு 15 யென் நேரடி வரி கட்டிய ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. மக்கள்தொகையில் சுமார் ஒரு சதவீதம்தான் தேறினார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோடு வாக்காளர் தன் பெயரையும் எழுதி முத்திரை குத்த வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும்! ரகசிய வாக்கு வந்தது 1900-ல்தான். அப்போது வரி வரம்பு 10 யென் ஆனது. 1919-ல் 3 யென். 1925-ல் வரி நிபந்தனையே நீங்கி, 25 வயதான ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

அதே 1925-ல்தான் இடதுசாரிகளை ஒடுக்கிய அமைதிப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1932 மே 15-ல் பிரதமர் இனுகாய் த்சுயோஷியைக் கடற்படை இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றதோடு கட்சி ஆட்சி முடிந்தது. 1940-ல் கட்சிகளே கலைந்தன. இருந்ததுதான் முறிந்தது, இல்லாதது முறியாது.

செய்தியில் பாதி உண்மையும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில், 1945 டிசம்பரில் வந்தது. 1946 ஏப்ரல் தேர்தலில் 39 பெண்கள் வென்றார்கள். இறையாண்மை மன்னரிடமிருந்து மக்களுக்கு மாறியது 1947 மே 3-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பால். ஆனால் பெண்களின் வாக்குரிமைக்காக இச்சிகாவா ஃபுசாயே போன்ற ஜப்பானியப் பெண்கள் 1920-களிலிருந்தே போராடி வந்ததை மறைக்க முடியாது. வாக்குரிமையை அமெரிக்கா மட்டும் கொடுத்ததாகச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.